தேரை மறந்து கட்டிய முன்னறை

தோட்டத்தில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக் காம்பராவில் கதவைத் திறந்தால் கட்டில்தான். ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி, அவ்வளவே வீடு. அந்தக் கட்டிலில் பகல் முழுக்க என் வீட்டுக்காரர் படுத்திருப்பார். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மெசின் ஓடும் ரப்பர் ஸ்டோரில் அவருக்கு இராக்காவல். ஊர் விழித்த பிறகு தூங்க வேண்டிய மனுஷன்.

தூங்க விட்டால்தானே? கல்யாணம் சொல்ல யாராவது வந்தால் எழும்புவார். மழை பெய்து ரப்பர் பால்வெட்டு நின்றுபோனால் பெண்கள் நாலு பேர் பேச வந்துவிடுவார்கள். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவார். ஒரு நாள் காவலில் அசந்துவிட்டார். வேலையை மேற்பார்க்கும் கண்டக்கையா பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ கண்ண மூடுன, அப்புறம் வீட்லயே மூடிக்கிட்டுக் கெட" என்று சொல்லிவிட்டார். அன்றுதான் நான் முடிவு செய்தேன். வருகிறவர்கள் உட்கார முன்னால் ஓர் அறை இழுத்துக் கட்ட வேண்டும்.

அது தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ. தோட்டத்துத் துரை அனுமதி தந்தார். லயத்து முன்னால் மழைத்தண்ணி ஓடும் கானை மட்டும் மறிக்கக் கூடாது என்றார். கேகாலையில் வாங்கிய தகரம் பஸ் கூரையில் ஏறி வந்தது. கீழேயுள்ள சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார்; பாஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நல்ல மனுஷன். என்னை நங்கி, நங்கி என்றுதான் கூப்பிடுவார், அவர் பாஷையில் தங்கச்சி. நாங்கள் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினோம். மழைத்தண்ணி எங்கே விழும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றெல்லாம் யோசித்தோம். கானுக்கும் சுவருக்கும் இடையில், தலையில் விறகுக்கட்டோடு ஓர் ஆள் போகிற அகலம் விட்டோம். எங்களைத் தாண்டி இருந்ததே ஒரே ஒரு வீடு, மதினி வீடு. சொந்த மதினி இல்லை; அவள் என் வீட்டுக்காரரை அண்ணன் என்பாள், அதனால் எனக்கு மதினி.

சிமெந்து காய்ந்த வாரம் தோட்டத் தலைவர் வந்தார். மாரியம்மன் திருவிழா நெருங்கியிருந்தது. சுவரைப் பார்த்தார், கானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, தேரு எப்படிப் போகும்?"

எங்கள் தோட்டத்துத் தேர் தோளில் சுமக்கிற தேர். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு லயத்துக்கும் வந்து, வீட்டுக்கு வீடு நின்று, தட்டு வாங்கிக்கொண்டு கடைசி வாசல் வரைக்கும் போகும். தலைவர் தேரின் அகலத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி வந்து பிடித்துப் பார்த்தார். சுவரில் இடித்தது. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"வருசா வருசம் வலப்பக்கம் தோள் குடுக்கிறவன் நீ. அகலம் தெரியாதா ஒனக்கு?"

"சொமக்கிறப்போ கால் வைக்கிற எடத்தத்தானே பாக்குறோம் தலைவரே, அகலத்த யாரு பாத்தா?" என்றார் இவர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

பாஸ் தலையைச் சொறிந்தார். "நங்கி, தொரை கான் மட்டுந்தானே சொன்னது. சாமி வாற பாதை யாரும் சொல்லல்ல நே!"

கூடியிருந்தவர்களில் ஒருவர், "அங்கிட்டு ஒரு வீடுதானே, தேரு இங்கேயே திரும்பட்டும்" என்றார். மதினி தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன், கடேசி வீட்டுக்கு வந்தா ஆத்தாளுக்குக் கால் வலிக்குமோ?"

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. காலையில் வாசல் கூட்டும்போது மட்டும் விளக்குமாறு என் பக்கமாய்ச் சத்தம் போட்டது.

இவர்தான் கடைசியில் சொன்னார்: "ஒடச்சிருவோம் புள்ள. ஒரு வீட்டுக்கு சாமி வராமப் பண்ணிட்டு எனக்குத் தூக்கம் வருமா?" எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அவர் சொன்னது சரிதான்.

பாஸ் சுத்தியலோடு வந்தார், சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி. முதல் அடியில் மூலைக்கல்லின் விளிம்பு தெறித்தது. இவர் படியில் உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்கக் காவல். அந்தச் சத்தத்திலும் அவர் தலை முன்னால் சரிந்து சரிந்து நிமிர்ந்தது.

மதினி வெளியே வந்தாள். இவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நிறுத்துங்க பாஸ். நான் ஆத்தாளத்தான் கேட்டேன், செவுத்தக் கேக்கல." பிறகு என்னிடம் திரும்பினாள். "கோயில்ல இருந்து தேருக்கு ஆத்தாள எப்படிக் கொண்டாறாங்க? பூசாரி கையில தூக்கித்தானே? அந்த மாதிரி இங்கன எறக்கி, எங்க வாசலுக்குத் தூக்கிட்டு வரட்டுமே."

இது ஏன் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை! தலைவர் பூசாரியைக் கேட்டார். "தாராளமா" என்றார் பூசாரி. பாஸ் சுத்தியலைப் பையில் போட்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

திருவிழா அன்று தப்புச் சத்தத்தோடு தேர் எங்கள் சுவரருகே வந்து நின்றது. பூசாரி அம்மனை இறக்கி எங்கள் முன்னறையில், மஞ்சள் துணி விரித்த ஸ்டூலில் ஒரு நிமிஷம் வைத்தார். அந்த அறைக்கு முதல் விருந்தாளி அவள்தான். பிறகு நெஞ்சோடு அணைத்து மதினி வாசலுக்குக் கொண்டுபோனார். மதினி தட்டை நீட்டவே மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன வருசம் அண்ணாந்துதான் பாத்தேன் மதினி," என்றாள் பிறகு. "மூக்குத்திக்குக் கல் இருக்கிறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அடுத்த வருஷம் தேரைக் கொஞ்சம் ஒடுக்கிக் கட்டலாம் என்று தலைவர் யோசனை சொன்னபோது, கூடவே கூடாது என்று சண்டைக்குப் போனவளும் அவள்தான்.

திருவிழா முடிந்த மறுநாள் மழை. பால்வெட்டு இல்லை. தட்டில் கொஞ்சம் பொங்கலோடு மதினி வந்தாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். தெறித்த மூலையை ஒருத்தி விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாரும் முன்னறையில் உட்கார்ந்தோம். தகரத்தில் மழை கொட்டியதால் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. பேசினோம், சிரித்தோம். உள்கதவுத் திரை அசையவேயில்லை.

மழை சற்றுக் குறைந்தபோது மதினி காதைத் தீட்டினாள்.

"அண்ணன் தூங்குறாரா, இல்ல ஸ்டோர்ல மெசின் ஓடுதா?"

தூங்கினார். பொழுது சாயும்வரை தூங்கினார்.