லேபிள் இல்லாத டிரம்

ஞாயிறு மாலை அம்மாவும் நானும் சமையலறை மேடையில் அடுத்த வாரப் பாடத்தைத் தயார் செய்துகொண்டிருந்தோம். அவள் வெட்டினாள். நான் அட்டையில் ஒட்டினேன்.

அம்மா ஓய்வுபெற்ற தட்டச்சர். மருந்துக்கடை மாடியில், பிழைக்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு நம் மொழியை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். பாடப்புத்தகத்தைத் தொடமாட்டாள்.

"அதுல எல்லாரும் பூங்காவுக்குப் போறாங்க. இவங்களை வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்றான். அதைப் படிக்கத் தெரியணும்ல?"

அதனால் இருமல் மருந்துச் சீட்டு, மின்வெட்டு அறிவிப்பு, வாடகை ஒப்பந்தம். எதுவானாலும் கேள்விகள் மூன்றுதான். யார் எழுதினது? யாருக்கு? சொன்னபடி கேட்காவிட்டால் என்ன ஆகும்? அந்த வாரம், வேலை செய்யும் இடத்திலிருந்து ஆளுக்கொரு எழுத்துத்துண்டு கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

மஞ்சள் லேபிள் ஒன்றை எடுத்தேன். 'தண்ணீர் படக் கூடாது.' பின்பக்கம் பசையும் பெயின்ட் துணுக்குகளும். நான் வேதிப்பொறியாளர்.

"இது யார் கொடுத்தது?"

"சிரிப்பு. குடோன்ல வேலை." எதற்கும் சிரிப்பவன் என்பதால் வகுப்பே வைத்த பெயர்.

"அம்மா, இது நகல் இல்ல. டிரம்முலேர்ந்து உரிச்சுட்டு வந்திருக்கான். இப்போ அந்த டிரம்முல என்ன எழுதியிருக்கு?"

கத்தரிக்கோல் நின்றது.

"தண்ணி பட்டா?"

"கொதிச்சு வெடிச்சுத் தெறிக்கும். புகையே ஆளை முடிச்சிடும்."

சிரிப்புக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தான். குடோனுக்கும் விடுமுறை.

"காலையில திறக்கும்போதே கேட்ல நிக்கிறேன்."

"நானும் வரேன்மா."

"நீ ஆபீசுக்குப் போடி. வீட்டுப்பாடம் கொடுத்தவ நானு."

மறுநாள் நான் எழுந்தபோது கிளம்பிவிட்டிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் சரிந்தாளாம். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார்கள். நர்ஸ் கைப்பையை என் கையில் வைத்தார். உள்ளே அம்மாவின் போன் அடித்தது. திரையில் 'சிரிப்பு'.

"டீச்சர், லேபிள் எப்போ திரும்பி வரும்? சூப்பர்வைசர் கேக்குறார். இங்க தரை கழுவுறாங்க."

அவன் சிரிக்கவில்லை. பின்னால் குழாய் பீய்ச்சும் சத்தம்.

"தண்ணியை நிறுத்து! எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ!"

"யார் பேசுறது? மெதுவா சொல்லுங்க, புரியல."

மறுபடி சொன்னேன். லைன் அறுந்தது.

பையில் மஞ்சள் லேபிள் மடங்காமல் இருந்தது. பழைய பசையைச் சுரண்டி, இரட்டைப் பக்க டேப் ஒட்டி வைத்திருந்தாள். டேப்பின் மேல்தாளை இன்னும் உரிக்கவில்லை.