யேமன் சட்னியும் தஞ்சாவூர்ப் பெருமையும்

டெக்சஸுக்கு வருவதற்கு முன் யேமனில் தயஸ் என்ற ஊரில் நர்ஸாக இருந்தேன். சஹாவிக் என்கிற பச்சைச் சட்னி அரைக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். பச்சை மிளகாய், பூண்டு, கொத்துமல்லித் தழை, சீரகம், உப்பு, ஒரே ஒரு ஏலக்காய். எதிர்வீட்டு அம்மாள் அதை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளவும் வைப்பாள், ஊறவைத்து நுரைக்க அடித்த வெந்தயத்தோடு கொதிக்கிற கறிக்குழம்பின் மேலும் போடுவாள். நான் மீனில் தடவிப் பொரிப்பேன்.

எண்பதுகளின் நடுவில் டெக்சஸில் பேர்லேண்ட் என்ற ஊரில் குடியேறினோம். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களின் விருந்துக்கு முதல்முறை அதைக் கொண்டுபோனேன். தமிழ்ச் சங்கத் தலைவரின் மனைவி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"அரபிக்காரங்க ஐட்டமா? இதுல மீட் எதுவும் இல்லையே?"

"மிளகாயில ஏதுங்க மீட்?" என்றேன்.

என் கிண்ணத்தைத் தள்ளி, பேப்பர் தட்டுகளுக்குப் பின்னால் வைத்தாள். போகும்போது பார்த்தால் வழித்துத் துடைத்த கிண்ணம்தான் இருந்தது. ஒளித்துவைத்துத் தின்னுகிற ஆசாரம் அது.

சில மாதங்கள் கழித்து அவளே போன் செய்தாள். கணவரின் அமெரிக்க பாஸ் மனைவியோடு சாப்பிட வருகிறாராம், காரம் பிடிக்குமாம். "அந்த கிரீன் சட்னி எப்படிப் பண்றீங்க?" பெயரைக்கூடக் கேட்கவில்லை. சொன்னேன். மெக்ஸிகோக்காரர் கடையில் விற்கும் சின்ன மிளகாய் முரட்டுக் காரம், கையுறை போட்டுக்கொண்டு நறுக்குங்கள் என்றும் சொன்னேன்.

"நாங்க மிளகாயே பாக்காதவங்களா? தஞ்சாவூர்க்காரி நான்!"

சனிக்கிழமை மதியம் அவள் கணவர் கூப்பிட்டார். "சிஸ்டர், கொஞ்சம் அர்ஜென்டா வர முடியுமா? இவளுக்குக் கண்ணு..."

போனேன். தஞ்சாவூர்க்காரி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தாள். புதிதாகக் கான்டாக்ட் லென்ஸ் போட ஆரம்பித்திருந்தாள். மிளகாய் நறுக்கிய விரலாலேயே, நகர்ந்துபோன லென்ஸைச் சரிசெய்திருக்கிறாள். எரிந்ததும் கழற்றுகிறேன் என்று அதே விரலை மறுபடி விட்டிருக்கிறாள். பக்கத்தில் கணவர் ஐஸ் தட்டோடு நின்றார். பெரிய இன்ஜினியர். பெண்டாட்டியைக் குழாயடிக்கு நகர்த்தத் தோன்றவில்லை.

கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு லென்ஸை எடுத்தேன். குழாயடியில் அவள் தலையைச் சாய்த்துப் பிடித்து, எரிச்சல் தணியும்வரை கண்ணில் தண்ணீர் ஓடவிட்டேன். அவள் விரல்களில் எண்ணெய் தேய்த்து சோப்புப் போட்டுக் கழுவினேன். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கண் கோவைப்பழமாகிவிட்டது.

"உங்க ரெசிப்பியே சரியில்ல," என்றாள் முதல் வார்த்தையாக. இரண்டாவது வார்த்தை, "கெஸ்ட் வந்துருவாங்க, நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்களேன்."

கணவர் கும்பிடாத குறையாக நின்றார். அரைத்தேன். அதற்கு நன்றியாக என்னையும் சாப்பிட உட்காரச் சொன்னார்கள்.

அவள் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பரிமாறினாள். பாஸின் மனைவி சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். இது என்ன, எப்படிச் செய்வது என்று ஆசையாகக் கேட்டார்.

"எங்க ஃபேமிலி ரெசிப்பி. தஞ்சாவூர்ல பரம்பரை பரம்பரையா பண்றது," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"இல்லை. இது யேமன் நாட்டு சஹாவிக். அங்கே என் எதிர்வீட்டு அம்மாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இன்று அரைத்ததும் நான்தான்," என்று நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

பாஸ் தட்டைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார். பாஸின் மனைவி மட்டும் என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, ஏலக்காய் எப்போது சேர்ப்பது என்று கேட்டார். அடுத்த வாரமே என் வீட்டுக்கு வந்து, மிளகாயைத் தானே நறுக்கினார். கையுறை போட்டுக்கொண்டுதான்.

அந்த வருஷம் சங்கத்தின் தீபாவளி விருந்துக்கு எங்களை அழைக்கவில்லை. என் கணவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

"எதுக்குடி வாயைக் குடுத்த? நம்ம ஜனங்க வேணும்ல?"

நான் வருத்தப்படவில்லை. அந்தத் தஞ்சாவூர்க்காரி வைக்கும் சாம்பாரை ஒருமுறை குடித்தவர்கள் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.