அம்மா கேட்டு வாங்கிய நீல அட்டை

புக்கிட் ரோத்தான் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, பின்னர் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி எங்கள் மூவரையும் வளர்த்த அம்மா நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது.

பிறப்புப் பத்திரம் இல்லாததால் அம்மாவுக்கு வெகுகாலம் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். பிறந்த நாட்டிலேயே வாக்களிக்க முடியாது. அப்பா இறந்த பிறகும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, தலை நரைத்த வயதில்தான் குடிமக்களுக்கான நீல அட்டை பெற்றார்கள்.

அடுத்த பொதுத் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கக் காத்திருந்தார்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்த நேரம் அது. மாற்று வீட்டுக்குப் பதிய வேண்டும் என்று கூறி, எங்களுக்கு உறவுமுறையான ஒருவர் அம்மாவின் அட்டையையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரின் அட்டைகளையும் வாங்கிச் சென்றார். அவர் ஒரு வேட்பாளருக்காக வேலை செய்தவர். வாக்களிப்பு நாளன்றும் அட்டைகள் வரவில்லை. தொலைபேசியையும் அவர் எடுக்கவில்லை.

மதியம்வரை பொறுத்த அம்மா, அந்தப் பெண்களையும் மூத்த மகளாகிய என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார்கள். வாசலில் அவருடைய ஆட்கள் நின்றார்கள். அவர் வெளியே வந்து, மாலையில் தாமே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

"சாயங்காலம் சாவடிய மூடிருவாங்க தம்பி. இப்பவே குடுங்க."

"வீட்டு விசயம் என் கையிலதான் இருக்கு. யோசிச்சுக்குங்கக்கா."

"வீடு வேணுந்தான். அதுக்காக என் ஓட்ட உங்ககிட்ட விட்டுட்டுப் போக மாட்டேன்."

சொல்லிவிட்டு அம்மா கேட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். ஆட்களில் ஒருவன் மோட்டார் சைக்கிளை அவர்கள் முழங்கால் அருகே கொண்டுவந்து உறுமவிட்டான். யாரும் எழவில்லை. அண்டை வீட்டார் வெளியே வந்து பார்க்கத் தொடங்கினார்கள். வெகுநேரம் கழித்து அவர் உள்ளே போய், மூன்று அட்டைகளையும் கொண்டுவந்து நீட்டினார்.

பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்திலிருந்து திரும்பிய மீன் வேன்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டார். வாக்குச்சாவடி இருந்த பள்ளியின் வாயிற்கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் உள்ளே நுழைந்தோம்.

முதலில் வீடு கிடைத்தவர்களில் நாங்கள் இல்லை. சில ஆண்டுகள் ஒழுகும் வாடகை அறையில் கிடந்தோம். அம்மா அதற்காக வருந்தியதில்லை. யாருக்கு வாக்களித்தார்கள் என்றும் சொன்னதில்லை.

சிறுநீரகம் செயலிழந்து படுத்திருந்தபோது மீண்டும் தேர்தல் வந்தது. மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள். நாங்கள் நகர மாட்டோம் என்றோம். "நான் இருப்பேன். நீங்க போயி போட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்கள். வரிசையில் நின்றபோது யாருடைய கைப்பேசி ஒலித்தாலும் எங்களுக்கு உயிர் போய் வந்தது. ஓடித் திரும்பியபோது அம்மா விழித்திருந்தார்கள். எங்கள் விரல்களிலிருந்த மையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகே இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார்கள். அந்த வாரமே கண்மூடினார்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட தாதியர், உடன் உட்கார்ந்த அந்த இரு பெண்கள், பெயர் கேட்க மறந்த வேன்காரர், இறுதிச் சடங்கில் கூடிய உறவுகள் அனைவருக்கும் நன்றி. அட்டையை வைத்திருந்தவரும் அன்று வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். அம்மா அவரிடம் பேச்சை நிறுத்தியதில்லை. அவருக்கும் எங்கள் நன்றி.