கம்பளியில் ஆரம்பித்து ஃபோமில் முடித்த கறுப்புக் கார்

1. மீன் வெட்டுகிற கை

அடையாறில் அந்த கார் பாலிஷ் ஷெட்டில் நான் சேர்ந்தபோது அங்கே வேறு பெண்கள் இல்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே போய், வண்டி கழுவுகிற வேலை இருக்கிறதா என்று கேட்டேன். முதலாளி என் விரல்களில் இருந்த வெட்டுத் தழும்புகளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மீன் வெட்டுவியா?"

"ஆமா சார். அம்மா மீன் விக்கிறாங்க, நான்தான் வெட்டிக் குடுப்பேன்."

"அப்ப கை நடுங்காது. நாளைக்கு வா."

ஒரு வருஷம் தண்ணீரும் ஷாம்பூவும்தான். அதன் பிறகு பாலிஷ் மெஷினைக் கையில் கொடுத்தார்கள். அதுவரை ஷெட்டில் மெஷின் பிடித்தவர் ஒருவர்தான், சலீம். ராயப்பேட்டைக்காரர், என்னைவிட மூன்று வயது பெரியவர். வீட்டில் உருது, எங்களிடம் மெட்ராஸ் தமிழ். நான் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலிஷ் என்றால் மேலே எதையோ பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பெயிண்டுக்கு மேலே கண்ணாடி போல ஒரு கிளியர் கோட் இருக்கிறது. கீறல் எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்குச் சுற்றியுள்ள இடத்தையும் சீவி இறக்குவதுதான் பாலிஷ். மெஷினில் கம்பளி பேட் மாட்டினால் வேகமாகச் சீவும். ஆழமான கீறலுக்கு அதுதான் சரி. ஆனால் போகும்போது தன் தடத்தை விட்டுவிட்டுப் போகும். பஞ்சு மாதிரியான ஃபோம் பேட் மெதுவாகச் சீவும், தடம் விடாது.

சலீம் பாய் கம்பளியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். நான் ஃபோம் மாட்டுவதைப் பார்த்தால், "இன்னா ஸ்டெல்லா, பாத்திரம் தேய்க்கப் போறியா?" என்பார். "பெருக்குற தொடப்பம் மாதிரி கீதே உங்களுது, அத இன்னா சொல்றது?" என்பேன். கம்பளியிலிருந்து இழைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். வேலை முடியும்போது அவர் புருவமெல்லாம் வெள்ளையாகியிருக்கும். அதைத் தட்டிவிடக் கை எழும். உடனே துணியை எடுத்து எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

2. வெயிலில் தெரிந்தது

ஒரு வெள்ளிக்கிழமை காலை, முந்தின நாள் டெலிவரி கொடுத்த கறுப்புக் கார் ஒன்று திரும்பி வந்தது. மயிலாப்பூர் மாமி ஒருவருடையது. ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்குப் பெண்ணை அந்த வண்டியில்தான் அழைத்துப் போக வேண்டும். இறந்துபோன மாமா ஆசையாக வைத்திருந்த வண்டி.

மாமி இறங்கியதும் முதலாளியைக் கூப்பிட்டு பானெட்டைக் காட்டினார். "இங்க நிழல்ல பாத்தப்போ கண்ணாடியாட்டம் இருந்துது. ஆத்து வாசல்ல வெயில்ல நிறுத்திப் பாக்கறேன், சிலந்திக் கூடாட்டம் வட்ட வட்டமா இருக்கே! அவர் இருந்தா என்னை என்ன சொல்வார்?"

அந்த வட்டங்கள் கம்பளியின் தடம். கறுப்பு வண்டியில் எதையும் ஒளிக்க முடியாது. சலீம் பாய் தலை குனிந்து நின்றார். அவர் பாலிஷ் செய்த வண்டி அதுவரை திரும்பி வந்ததே இல்லை.

மாமியை ஆட்டோவில் அனுப்பிவிட்டு முதலாளி சொன்னார்: "நைஸ் கம்பவுண்டு பேஸ்ட்டு போட்டு, திரும்பக் கம்பளியிலேயே ஒரு ஓட்டு ஓட்டிடு. மத்தியானம் குடுத்துடலாம்."

"கம்பளி போட்ட தடத்த கம்பளியே எப்டி சார் எடுக்கும்?" என்றேன். "ஏற்கெனவே சீவின பெயிண்டு. இன்னும் சீவினா ஓரத்துல வெளுத்துடும். அப்புறம் புதுசா பெயிண்டு அடிக்கிற எடத்துக்குதான் போகணும். கல்யாணத்துக்கு வண்டி கெடைக்காது."

"நீ சும்மா இரும்மா. ஃபோம்ல பண்ணா ரெண்டு நாள் ஆவும்."

சலீம் பாய் நிமிர்ந்தார். "அவ சொல்றது கரீட்டு சார். தடம் என்னுது. அவ ஃபோம்ல முடிக்கட்டும். நான் கூட நிக்கிறேன்."

கர்வமான மனிதர். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் எனக்கு மனசு அவர் பக்கம் முழுசாகச் சாய்ந்தது.

பானெட்டில் உள்ளங்கை அளவு இடத்தில் ஃபோமை வைத்து ஓட்டிப் பார்த்தேன். வெளியே தள்ளி வெயிலில் பார்த்தோம். அந்த இடத்தில் மட்டும் வட்டங்கள் இல்லை. அதே வேகம், அதே பாலிஷ் பேஸ்ட்டு என்று முடிவு செய்துகொண்டு ஆரம்பித்தேன். ஓரங்களில் மெஷின் பட்டு வெளுத்துவிடாமல் எனக்கு முன்னால் அவர் டேப் ஒட்டிக்கொண்டே போனார்.

டிக்கியில் சைக்கிள் ஹேண்டில் இழுத்த கீறல் ஒன்று இருந்தது. ஃபோமில் நாலு முறை ஓட்டியும் போகவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது; இன்னும் ஓட்டினால் பெயிண்டு வெந்துவிடும். நிறுத்திவிட்டேன்.

"பாய், இது உங்க வேலை. என்னால ஆவாது."

அன்று முதல்முறையாகச் சிரித்தார். கம்பளியை மாட்டி அந்த விரல் நீளத்தை மட்டும் எடுத்துவிட்டு, "இந்தா, உன் இடம்" என்று விலகினார். அவர் விட்ட தடத்தை நான் ஃபோமில் எடுத்தேன். இரண்டும் வேண்டும், எது முதலில் என்பதுதான் கேள்வி என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

3. இடது பக்கக் கதவு

சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக இடது பக்கக் கதவு மிச்சமிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மெஷின் சத்தம் காதை அடைத்தது. சலீம் பாய் எதிரே வந்து நின்றார். அவர் பேசுவது உதட்டில் தெரிந்தது. காதிலும் விழுந்தது. எல்லா வார்த்தையும் விழுந்தது.

"ஸ்டெல்லா, ஷார்ஜாவுக்கு விசா வந்துட்ச்சி. சாயங்காலம் ஏஜெண்டுக்குப் பதில் சொல்லணும். நீ போவாதன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போவல."

நான் சாந்தோம் கோயிலுக்குப் பூசைக்குப் போகிற வீட்டுப் பெண். அவர் அஞ்சு வேளை தொழுகிறவர். அம்மாவின் முகம், குப்பத்து ஜனங்களின் முகம், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தது. மெஷினை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல் கேட்டேன்:

"இன்னா பாய்? ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமில்ல. கீழ ஓரத்துல டேப்பு கழண்டுகினு கீது, பாத்து" என்றார். குனிந்து அதை அவரே விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

நாலு மணிக்கு மாமி வந்தார். வண்டியை வெயிலில் நிறுத்தினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "என் மொகம் அப்படியே தெரியறதேடி பொண்ணே!" என்று என் கன்னத்தைத் தொட்டார். அழுகையை அடக்க முடியவில்லை. கல்யாண வண்டி நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சலீம் பாய் ஏஜெண்டைப் பார்க்கக் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த மாதக் கடைசியில் அவர் போனார். "வர்றேன் ஸ்டெல்லா" என்றார். "பத்திரமா போங்க பாய்" என்றேன்.

ஒரு ரம்ஜானுக்கு ஷெட்டுக்கு போன் செய்தார். முதலாளி பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். "இங்க எல்லாம் ஃபோம்தான் ஸ்டெல்லா. உன்னை நெனச்சிக்கினேதான் மாட்டுவேன்" என்றார். லைன் கரகரத்தது. "கேக்குதா?" என்றார். "கேக்குது பாய், நல்லா கேக்குது" என்றேன். அதற்குள் கட்டாகிவிட்டது. பிறகு அவருக்கு அங்கேயே குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம் அம்மாவின் உடம்பைக் காரணமாகச் சொல்வேன். அது பாதி உண்மை.

4. இப்போது

இன்று திருவான்மியூரில் கார்களுக்கு மெருகேற்றும் ஒரு டீடெய்லிங் கடையில் ஃபினிஷிங் என் பொறுப்பு. ஆறு பேர் என்னோடு வேலை செய்கிறார்கள். கம்பளியா ஃபோமா என்று கேட்டால் என் பதில் இதுதான். முதலில் ஓர் ஓரத்தில் ஃபோமை வைத்து ஓட்டிப் பார். கீறல் போகவில்லை என்றால் மட்டும் கம்பளியை எடு. கம்பளியில் ஆரம்பித்தால் ஃபோமில் முடி. சீவின பெயிண்டு திரும்பி வராது.

இன்னொரு விதியும் வைத்திருக்கிறேன். அது எந்த டிரெய்னிங்கிலும் சொல்லித்தர மாட்டார்கள். நீ மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது எதிரே வந்து நின்று பேசினால், முதலில் மெஷினை ஆஃப் பண்ணு. பேனலில் பாலிஷ் பேஸ்ட்டு காய்ந்தால் காயட்டும். துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.