கதவுக்கு நேராக

நியூசிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். மெரெயானா அங்கே கான்ஸ்டபிளாகி இருபது வருடம் ஆகிறது. யார் வீட்டுக் கதவென்றாலும் சுவரோரம் ஒதுங்கி நின்றுதான் தட்டுவாள். கதவைத் துளைத்து வரும் குண்டு பிள்ளைகுட்டிக்காரன் என்று பார்க்காது என்பாள்.

அவளோடு ரோந்து போகும் ஹாலோரன் கேட்கமாட்டான். "யோவ், தள்ளி நில்லுய்யா! எத்தன தடவ சொல்றது?" என்று பத்து வருடமாகக் கத்தியிருக்கிறாள். "நம்ம ஊர்ல யாரு சுடப் போறா?" என்று சிரிப்பான்.

அவன் மனைவி கொலீன் அவனுக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு விருந்துக்குப் போனாலும் கதவோரம் ஒதுங்கி நிற்கும் மெரெயானாவை, "வாடி பயந்தாங்கொள்ளி! அடுப்புல ஆட்டுக்கறிதான் இருக்கு, துப்பாக்கி இல்ல" என்று கேலி செய்வாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், பெண்டாட்டியை அடித்தவன் ஒருவனைப் பிடிக்கப் போனார்கள். அந்த நாட்டு வழக்கப்படி போலீஸ் துப்பாக்கி காரில், பூட்டிய பெட்டியில் கிடந்தது. ஹாலோரன் கதவுக்கு நேராக நின்று தட்டினான். உள்ளிருந்து பாய்ந்த குண்டு பலகையைப் பிளந்து அவன் தொண்டையைக் கிழித்தது. மெரெயானா இரண்டு கையாலும் பொத்தினாள். விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டது. "மூச்சு விடுய்யா, தடிமாடே!" என்று அவள் வையும்போதே அவன் கண் நிலைகுத்தியது.

கொலீனிடம் சொல்ல வேறு யாரையும் அவள் போகவிடவில்லை. கதவைத் தட்டினாள். ஒதுங்கத் தோன்றவில்லை.

கதவைத் திறந்த கொலீன் சிரிக்க வாய் திறந்தாள். எதிரே நிற்பவளைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றது.

"ஏன்டி நேரா நிக்கிற?"

மெரெயானா தொப்பியைக் கழற்றினாள்.

"தள்ளி நில்லுடி!" என்று அலறி, கொலீன் அவள் முகத்தில் ஓங்கிக் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். மெரெயானா தள்ளி நிற்கவில்லை.