யாரும் எதுவும் கேட்காத தெரு

வீடு பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஒரே துணியில் தைத்த சட்டையைப் போடக்கூடாது என்று நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். அவன் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவான். அதாவது, மறந்துவிட்டதாகச் சொல்வான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து அவன் இறங்கும்போது அந்த இளநீலச் சட்டையைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏலே, பேண்டு வாசிக்கவா போறோம்? ஊரே பாக்கும்ல."

"ஒரே துணியா எடுத்தா மலிவுன்னு சொன்னது யாரு? நீதானே" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு மேல் என்னால் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடிந்ததில்லை.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கிளார்க். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு வாத்தியார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நேசித்தோம். கணவன் மனைவி எப்படி ஒரு வீட்டில் இருப்பார்களோ அப்படி இருக்க ஆசைப்பட்டோம். அதைச் சொல்ல எங்கள் ஊரில் அன்று மரியாதையான சொல் ஒன்றுகூட இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கேலிக்கு மட்டும் நிறையச் சொற்கள் இருந்தன. அவற்றை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

அவன் இருந்தது ஒரு மாடி அறை. கீழே குடியிருந்த வீட்டுக்காரர், நான் போகும்போதெல்லாம் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "வாரா வாரம் பஸ் ஏறி வாரீகளே, அப்படி என்னதான் பேசுவீக?" என்பார். சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். ஆனாலும் உட்கார்ந்த இடம் சூடாகும் முன்பே பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும், சொல்ல நினைத்தவை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். பக்கத்து சீட்டில் யாரோ ஒருவர் தூங்கி என் தோளில் விழுந்துகொண்டிருப்பார். இப்படியே வருஷங்கள் போயின. எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. வாடகை வீடு என்றால் என்றைக்கு வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம். அதனால் ஒரு வீட்டை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். இருவரும் வேலைக்குப் போய் வரத் தோதான தூரத்தில், ஒரே வாசல், ஒரே சாவி. கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

ராஜபாளையத்தின் பழைய தெருக்களில் முதலில் முயன்றோம். அங்கே தெருவுக்கு ஒரு சாதி. வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, "யாரு வீட்டுப் பிள்ளைக?" என்று கேட்பார்கள். ஒரு பெரியவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், மோர் கூடக் கொடுத்தார். பிறகு உள்ளே திரும்பித் தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். வெளியே வந்து, "குடும்பம் வரட்டும் தம்பி, அவிய பாத்துப் புடிச்சுதுன்னா பொறவு பேசலாம்" என்றார். வராத குடும்பத்துக்காக அவர் இன்றுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

மம்சாபுரம் போகிற சாலையில் ஒரு வீடு இருப்பதாக அவன்தான் கேட்டுக்கொண்டு வந்தான். எருமை வைத்துப் பால் ஊற்றுகிற ஒரு அக்காவின் வீடு. கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஐம்பது வயது இருக்கும். வீட்டைச் சரிபாதியாகத் தடுத்து ஒரு பாதியை விற்க நினைத்தார். இடையில் ஒற்றைச் சுவர். பின்பக்கம் ஒரு வேம்பு, சாணி வாசனை, தள்ளி மலை. அவனுக்குப் பார்த்த உடனேயே பிடித்துப்போயிற்று. நான் அவன் காதில், "சித்தப்பா மகன்னு சொல்லு, வேற எதுவும் பேசாதே" என்று சொல்லி வைத்தேன்.

அந்த அக்கா விடவில்லை. வைக்கோலை உதறிக்கொண்டே கேள்வியாய்க் கேட்டுத் தள்ளினார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், சமைக்கத் தெரியுமா, மேலுக்குச் சுகமில்லை என்றால் யார் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்தோம். கடைசியாக, "உங்க குலசாமி எது?" என்றார்.

"சேத்தூருக்கு மேக்க அய்யனாரு" என்று அவனும், "பிளவக்கல் போற வழியில கருப்பசாமி" என்று நானும், ஒரே நேரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சத்தமாகச் சொன்னோம்.

அப்பா வழிப் பங்காளிகளுக்குக் குலசாமி ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவ்வளவு திட்டம் போட்ட எனக்கு அது ஒன்று மட்டும் தோன்றவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "எப்பா! ஒரு அப்பத்தா பேரனுகளுக்கு ரெண்டு குலசாமியா? சாமிக கூடப் பாகம் பிரிச்சுக்கிட்டாகளாக்கும்!"

அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு உயிரே இல்லை. சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அது கெடக்கட்டும். கல்யாணம் காட்சின்னு பொறவு ஆளுக வருவாகளா, இல்ல நீங்க ரெண்டு பேருந்தானா?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருதான்க்கா. எப்பவும்" என்றான் அவன்.

அந்த "எப்பவும்" என்ற சொல்லை ஒரு அந்நியர் முன்னால் அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா குனிந்து கீழே போட்ட வைக்கோலை அள்ளிக்கொண்டார். "வெந்நிக்கு வெறகு என்கிட்டயே இருக்கு. வெலைக்கு வாங்க வேண்டாம்" என்றார். நான் அவன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை. "அந்தம்மா ஒண்ணும் தப்பா நெனைக்கல. நீயே பாத்தேல்ல" என்றான். "கேள்விக்குப் பொறந்த பொம்பள. தெனம் பால் ஊத்துற வீட்டுக்கெல்லாம் போயி எதைச் சொல்லும்னு யாரு கண்டா?" என்று நான் கத்தினேன். அவன் மறுபடி அந்த வீட்டைப் பற்றிப் பேச வந்தபோதெல்லாம் நான் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வேன். கடைசியில் விட்டுவிட்டான்.

எனக்கு வேண்டியது யாரும் எதுவும் கேட்காத தெரு. அது கிடைத்தது. ராஜபாளையத்துக்கு வெளியே, மில்லைத் தாண்டி, கருவேலங்காட்டை வெட்டிப் புதிதாகப் போட்ட ஒரு நகர். முழுக்க முழுக்க மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள். ஒருவன் தூங்கி எழும்போது அடுத்த வீட்டுக்காரன் தூங்கப் போவான். புரோக்கர், "இங்க யாரும் யாரையும் ஏன்னு கேக்க மாட்டாங்க சார், நேரமே கிடையாது" என்று பெருமையாகச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

வீட்டை என் பெயரில் வாங்கினோம். ஊருக்கு நான் வீட்டுக்காரர், அவன் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கும் வாத்தியார். பால் காய்ச்சும் அன்று கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும் அடுப்பு மூட்டினோம். பால் பொங்கும்போது குலவை போட யாருமில்லையே என்று அவனே வாயில் கைவைத்து மெதுவாகக் குலவையிட்டான். நான் சிரித்தேன். பிறகு பாலைக் குடித்தோம். அது நிறைய மிஞ்சிப்போயிற்று. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம் என்றான். வேண்டாம், எதற்கு வம்பு என்றேன். சாயங்காலம் அது திரிந்துவிட்டது.

அந்த வீட்டில் எங்களுக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஒரே கட்டில், ஒரே அடுப்பு, தீபாவளிக்கு ஒரே துணியில் இரண்டு சட்டை. ஆனால் தீபாவளியன்று அவன் சேத்தூரில் அண்ணன் வீட்டில் இருப்பான், நான் எங்கள் ஊரில் இருப்பேன். வீடு பூட்டிக் கிடக்கும். மற்ற நாட்களிலும் வாசலில் நின்று யாரும் எங்களிடம் பேசியதில்லை. பேச நாங்கள் இடம் கொடுத்ததுமில்லை. பேச்சுத் துணைக்கு அவனுக்கு நான், எனக்கு அவன். சில நாள் இருவருக்குமே பேச்சு வற்றிப்போகும். ஜன்னலுக்கு வெளியே யாராவது யாரையாவது திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால் ஊற்ற வரும் அந்தப் பால்காரக்காவை அவன் அடிக்கடி பார்ப்பான். "என்ன ரெண்டு குலசாமிக்காரரே, கூட இருக்கிறவரு நல்லா இருக்காரா?" என்று கேட்பாராம். அதை வந்து என்னிடம் சொல்லும்போது அவன் முகமே மாறியிருக்கும். நான் உம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தியத்துக்கு ஆள் வேண்டும் என்று அண்ணன் வந்து சேத்தூருக்குக் கூட்டிப்போனார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? நான் வெறும் வீட்டுக்காரன். இரண்டு முறை ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். சுற்றிலும் உறவுக்காரர்கள். அவன் கண்ணெல்லாம் மஞ்சளாக என்னைப் பார்த்து, "வீட்டுல தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டான். "வருது" என்றேன். எங்களுக்கு வாய்த்த கடைசிப் பேச்சு அதுதான். பள்ளிக்கூடத்திலிருந்து மில்லுக்குப் போன் வந்து, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத் துட்டி கேட்பது என்பார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் வரிசையாகப் போய் இரண்டு கையையும் நீட்ட வேண்டும், இழவு கண்டவர்கள் அந்தக் கைகளைத் தொடுவார்கள். அண்ணன், அண்ணன் மகன், மாமா எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அண்ணனிடம் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் தொட்டார். ஐயோ, அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டியவன் நானல்லவா என்று தொண்டை வரைக்கும் வந்தது. பின்னால் நின்றவர் என்னை லேசாகத் தள்ளினார். நகர்ந்துவிட்டேன். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நானும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

காரியம் முடிந்த பிறகு அண்ணன் வந்து அவன் சாமான்களை எடுத்தார். பெட்டி, சைக்கிள், புத்தகங்கள். கொடியில் இளநீலச் சட்டைகள் இரண்டு கிடந்தன. இரண்டையும் மடித்து வைத்துக்கொண்டார். அதில் ஒன்று என்னுடையது.  "ரூமைக் காலி பண்ணியாச்சு சார். நீங்க வேற ஆளு விட்டுக்கிடலாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தெருவில் யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பேனர் வாங்க வந்தார். குழாயைச் சரிசெய்து ஸ்பேனரைத் திருப்பித் தந்துவிட்டு, "போயிட்டு வாரேன் சார்" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனார். அவர்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் என்ன செய்வார் பாவம். அவருக்கு இது துட்டி வீடு என்று தெரியாது. நான் காசு கொடுத்துத் தேடி வாங்கிய தெரு அல்லவா.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் வாசலில் அந்தப் பால்காரக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு, வெயிலில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். நான் பழக்கதோஷத்தில் "வாங்க" என்றேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாசற்படியில் நின்று, இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

"ஆம்பளைக கூட வந்திருந்தா அவிய நீட்டுவாக. எனக்கு யாரு இருக்கா தம்பி. நாந்தான் நீட்டணும்."

அந்தக் கைகளைத் தொட்டேன். காய்த்துப் போன உள்ளங்கை. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவ்வளவு நாளும் வராத அழுகை, அசிங்கமாக, சத்தம் போட்டு வந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

பிறகு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து கேட்டார். எல்லாவற்றையும் கேட்டார். எப்போது மஞ்சள் தெரிந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், கடைசியில் தண்ணீர் கேட்டானா, நான் பக்கத்தில் இருந்தேனா.

"இல்லக்கா. நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"சாப்பிடுதியா நீ?"

"ஏதோ."

எழுந்து அடுப்படியைப் பார்த்தார். படுக்கிற அறையை எட்டிப் பார்த்தார். ஒற்றைக் கட்டிலில் இரண்டு தலையணைகள் இருந்தன. "வாத்தியாரு எந்தப் பக்கம் படுப்பாக?" என்றார். ஜன்னல் பக்கத்தைக் காட்டினேன்.

"அந்தத் தலகாணிய வெயில்ல போட்டுராத. வாசம் போயிரும்" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இரண்டாம் ஷிப்ட் சங்கு ஊதித் தெருவில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் ஓரமாக நடந்து, தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். போயிட்டு வாரேன் என்று அவர் சொல்லவில்லை.