அடித்தளத் தேர்வில் எனக்கு முன்னால் இருந்தவர்

பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் பட்டப்படிப்பில் சேர, தொலைதூரக் கல்வியில் ஓர் அடித்தளத் தேர்வு உண்டு. நாற்பத்தொரு வயதில் அதை எழுதப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தேன்.

தேர்வறை வாசலில் என் பக்கத்தில் நின்ற பெண், அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். ஐம்பதை ஒட்டிய வயது. முன்கையெல்லாம் சூடுபட்ட தழும்புகள். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தார்.

"பயமா இருக்காக்கா?" என்றேன்.

"போன தடவ வெறும் பேப்பரக் குடுத்துட்டு வந்துட்டேங்க. படிச்சதெல்லாம் தெரியும், கைதான் ஓடல. வீட்ல நல்லா எழுதுனேன்னு பொய் சொல்லிட்டேன்."

"இந்தத் தடவையும் அப்படி ஆயிட்டா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் வெளிறிப்போனது.

"அதத்தாங்க பஸ் ஏறுனதுலருந்து நெனச்சுக்கிட்டு வாரேன்."

உள்ளே அவருக்கு எனக்கு முன் பெஞ்சு. அரை மணி நேரமாகியும் அவர் தோள் அசையவில்லை. என் கேள்விதான் அவரை முடக்கிவிட்டதோ என்று பதறினேன். எனக்கே எழுத்து தடுமாறியது. பிறகு அவர் தலையைக் குனிந்தார். எழுதுகிறாரா, அழுகிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

கடைசி அரை மணியில் கையைத் தூக்கினார். கிளம்பப் போகிறார் என்றே நினைத்தேன்.

"சார், இன்னொரு பேப்பர் குடுங்க. எடம் பத்தல."

அவர் தேறினாரா என்று தெரியாது. அசையாமல் இருந்த அந்த அரை மணி நேரத்தில் தன்னிடம் என்ன சொல்லிக்கொண்டார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.